டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி

2023-ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் தங்கியிருந்தோம். டாம்பா நகரை ஒட்டிய புறநகர்ப் பகுதி. திரும்பி வந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொல்லி நம் சங்கச் செயலாளர் கேட்டார். டிஸ்னி உலகத்தைப் பற்றியும் நயாகராவைப் பற்றியும் நம் இதழில் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நான் வேறு எதற்கு என்று தட்டிக் கழித்துவிட்டேன். ஆனால் அங்கே நடந்த ஒரு விஷயம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

பேரனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் டாக்டரின் பரிசோதனைச் சான்று வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. மகள், மாப்பிள்ளை, நான், பையன் என்று நால்வரும் குழந்தை டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். எடை, உயரம், காது, பல் எல்லாம் பார்த்து முடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். காரில் குழந்தைக்கு உரிய இருக்கை இருக்கிறதா? சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் போடுகிறானா? வீட்டில் நீச்சல் குளம் உண்டா, சுற்றி வேலி இருக்கிறதா? புகை வந்தால் மணியடிக்கும் கருவிக்கு பாட்டரி மாற்றினீர்களா? அதே குரலில், அதே வேகத்தில் அடுத்த கேள்வி: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் எப்படி வைத்திருக்கிறீர்கள்?"

மாப்பிள்ளை ஒரு நொடி விழித்துவிட்டு "இல்லை" என்றார். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். விடவில்லை. "பையன் விளையாடப் போகிற வீடுகளில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காரில் ஏறியதும் மாப்பிள்ளை பொரிந்தார். "நம்மைப் பார்த்தா துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க மாதிரியா இருக்கு மாமா? காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

1984-ஆம் ஆண்டு. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சிக்னல் இலாகாவில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. இடார்சி - ஜபல்பூர் பாதையில் ஒரு சிறிய நிலையம். காபினில் லீவரை இழுத்தால் ராடு வழியாக பாயிண்ட் நகரும் பழைய ஏற்பாடு. பாயிண்டில் கை வைக்குமுன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போதுதான் காபினில் இருப்பவன் லீவரைத் தொடமாட்டான். அன்று எனக்கு மேலே இருந்தவர் இருபது வருஷ அனுபவசாலி. அவர் "ஆரம்பி" என்றார். "மெமோ கொடுத்தாச்சா சார்?" என்று கேட்க வாய் வரை வந்தது. பெரியவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று விழுங்கிவிட்டேன். மெமோ அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கலாசி பாயிண்டின் இடைவெளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, வேறு துண்டு பஞ்சு எடுக்கக் கையை வெளியே எடுத்தான். அந்த நேரத்தில் பாயிண்ட் டக்கென்று நகர்ந்து தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே விட்டிருந்த பஞ்சு நசுங்கித் தகடாகிவிட்டது. கலாசி தன் கையையும் அந்தப் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ரிடையர் ஆகும் வரை, கேட்காமல் நான் எந்த வேலையும் ஆரம்பித்ததில்லை. எத்தனையோ பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். ரயில்வேயில் இருந்த அன்பர்களுக்குத் தெரியும். கேட்மேன் கேட்டைச் சாத்திவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும். அவன் பொய் சொல்கிறான் என்றா அர்த்தம்? எல்லாரிடமும், எல்லா நாளும் கேட்பதால்தான் அந்தக் கேள்வியில் அவமானம் இல்லை. இதைத்தான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாமா, இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதுன்னு சட்டமே போட்டிருந்தாங்க, தெரியுமா?" என்றார்.

நான் நம்பவில்லை. அங்கே பகலில் வீட்டில் பேச ஆள் கிடையாது. நடக்கும் தூரத்தில் ஊர் நூலகம் ஒன்று உண்டு. (அமெரிக்காவில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நூலகங்கள்தாம். வெளிநாட்டுக்காரன் என்று விரட்டாமல், உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்கிறார்கள்.) அங்கே உட்கார்ந்து படித்தேன். மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான்.

2010-ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவில் ஒகாலா என்ற ஊரில் ஒரு குழந்தை டாக்டர், கைக்குழந்தையோடு வந்த தாயிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று அந்தத் தாய் பதில் சொல்ல மறுத்தார். முப்பது நாளில் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது பெரிய செய்தியாகி, துப்பாக்கி வைத்திருப்போரின் பலம் வாய்ந்த அமைப்பான நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் ஆதரவோடு 2011 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. சிகிச்சைக்கோ பாதுகாப்புக்கோ அவசியம் என்று டாக்டர் உண்மையாகக் கருதினாலன்றி, துப்பாக்கி பற்றி நோயாளியிடம் கேட்கக் கூடாது, மருத்துவக் குறிப்பில் எழுதக் கூடாது, திரும்பத் திரும்பச் சொல்லித் தொல்லை தரக் கூடாது. மீறினால் பத்தாயிரம் டாலர் வரை அபராதம். டாக்டராகத் தொழில் செய்யும் உரிமத்துக்கே ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடிய இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டாமல் வைக்கக் கூடாது என்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இதே ஃப்ளோரிடாதான், 1989-இல். பூட்டி வை என்று ஒரு சட்டம். பூட்டினாயா என்று கேட்காதே என்று இன்னொரு சட்டம்!

டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஆறு வருஷம் இழுத்தது. கீழ்க்கோர்ட்டு நீதிபதி மார்ஷியா குக் 2011 செப்டம்பரிலேயே சட்டத்துக்குத் தடை போட்டார். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் பெஞ்ச் 2014-லும் 2015-லுமாக மூன்று முறை சட்டம் செல்லும் என்றது. கடைசியில் அட்லாண்டாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு பெஞ்ச் 2017 பிப்ரவரி 16 அன்று, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கேட்கக் கூடாது, எழுதக் கூடாது, தொல்லை தரக் கூடாது என்ற மூன்று தடைகளையும் ரத்து செய்தது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம். பேச்சுரிமை முதல் திருத்தம். இரண்டும் 1791-இல் ஒன்றாக வந்தவை. டாக்டர் கேட்பதால் யாருடைய துப்பாக்கியும் பறிபோவதில்லை, பிடிக்காதவர் பதில் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் டாக்டரின் வாயைக் கட்டுவது பேச்சுரிமையில் கை வைப்பது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் உள்ள மாநிலத்தில், இந்தச் சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை ஆறே ஆறு சம்பவங்கள் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காக நோயாளியிடம் டாக்டர் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். அது சரி என்றே எனக்கும் படுகிறது. பதில் சொல்லாத தாயைக் குழந்தையோடு வெளியே அனுப்பிய அந்த ஒகாலா டாக்டர் செய்தது எனக்குச் சம்மதமில்லை. மெமோ இல்லை என்று வேலையை நிறுத்தலாம். ஸ்டேஷனையே மூடிவிட்டுப் போக முடியுமா?

சரி, டாக்டர் ஏன் கேட்க வேண்டும்? குழந்தையின் உயிருக்கு எது உலை வைக்கிறதோ அதைக் கேட்பதுதான் அவர் தொழில். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 45,222 பேர். ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு அதுவரை முதல் காரணமாக இருந்தது கார் விபத்து. அந்த ஆண்டில் துப்பாக்கி அதை முந்திவிட்டது. கார் இருக்கை பற்றிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. அதைவிடப் பெரிய எமனைப் பற்றிக் கேட்டால் கோபம் வருகிறது.

நாம் நினைப்பது போல எல்லாம் கொலையும் அல்ல. அந்த 45,222-இல் 24,292 தற்கொலைகள். பாதிக்கு மேல். பரீட்சையில் தோற்ற, மனம் உடைந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கெட்ட பொழுது வருகிறது. அதைத் தாண்டிவிட்டால் பிழைத்தான். முயன்று உயிர் தப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. துப்பாக்கியில்தான் தப்பிப் பிழைப்பது அபூர்வம். அந்தப் பொழுதில் நடுவே ஒரு பூட்டு இருந்தால் போதும். துப்பாக்கியில் தோட்டா இல்லாமை, துப்பாக்கிக்குப் பூட்டு, தோட்டா வேறு இடத்தில், அதற்கும் ஒரு பூட்டு. இந்த நான்கில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிள்ளைகளின் ஆபத்தைக் குறைப்பதாக அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. வாழ்நாள் முழுதும் இன்டர்லாக்கிங் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பூட்டு தவறினாலும் அடுத்தது தாங்கும்.

நூலகத்தில் படித்ததெல்லாம் இருக்கட்டும். டாக்டரின் இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. பேரனின் உயிர்த் தோழன் இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். வாரத்தில் நான்கு மாலை அங்கேதான் விளையாட்டு. அவன் அப்பா முன்பு ராணுவத்தில் இருந்தவர், இப்போது ஏர்கண்டிஷன் வேலை. நல்ல மனிதர், எனக்குப் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். "அவர்கிட்டப் போய் எப்படிக் கேக்கறது? பாங்கில எவ்வளவு பணம் இருக்குன்னு கேக்கற மாதிரி" என்றார் மாப்பிள்ளை. மகள் ஃபோனில் செய்தி அடிப்பதும் அழிப்பதுமாக ஒரு வாரம் போனது. அந்த ஒரு வாரமும் பையன் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மறுபடியும் 1984.

கடைசியில் என் மனைவி சுட்ட முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மகளும் நானும் போனோம். மகள் சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர் விசாரிக்கச் சொன்னார். பையன் போகிற எல்லா வீட்டிலும் கேட்கிறோம்" என்று ஆரம்பித்துக் கேட்டுவிட்டாள். (எல்லா வீடும் என்றது பொய். அதுதான் முதல் வீடு. நல்ல பொய்.)

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை" என்று சொல்லி என்னைக் கார் நிறுத்தும் அறைக்கு அழைத்துப் போனார். நம் வீட்டு கோத்ரெஜ் பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டகம். எண்களைத் திருகித் திறந்தார். உள்ளே மான் வேட்டைக்கான மூன்று நீளத் துப்பாக்கிகள். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில். பூட்டின் நாக்கு கதவுச் சட்டத்துக்குள் நான்கு இடத்தில் இறங்குகிறது. நான் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திருப்தி, கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். மகள்தான் கேட்டாள்: "அவ்வளவுதானா?"

மனிதர் கொஞ்சம் தயங்கினார். படுக்கை அறையில் கட்டில் பக்கத்து மேஜை டிராயரில் ஒன்று இருக்கிறது என்றார். கைத்துப்பாக்கி. தோட்டா போட்டது. ராத்திரி திருடன் வந்தால் பெட்டகத்தின் எண்ணைத் திருகிக்கொண்டிருக்க முடியாது என்றார். பிள்ளைகள் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.

ஐந்து வயதுப் பிள்ளைகள்! போகக் கூடாது என்று சொன்ன அறையைத் தவிர வேறு எங்கே போவார்கள்?

டாக்டர் கொடுத்த காகிதத்தில் இதற்கும் வழி போட்டிருந்தது. பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் இரண்டு நொடியில் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. சொன்னோம். யோசிக்கிறேன் என்றார். அன்றிலிருந்து இனி எங்கள் வீட்டிலேயே விளையாடட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் முகம் லேசாக வாடியது. ஆனால் தன் பையனை அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஊர் திரும்பும் வரை அந்தப் பெட்டி வாங்கியதாகத் தகவல் இல்லை.

இன்னொரு நாள் வேலியோரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னதை இங்கே சொல்லாவிட்டால் நியாயமில்லை. "உங்கள் மகள் கேட்டால் சொல்வேன். டாக்டர் கேட்டால் சொல்லமாட்டேன். அவர் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அதை யார் யார் படிப்பார்கள் என்று அவருக்கே தெரியாது" என்றார். இந்த பயத்தை வெறும் பிடிவாதம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் என் மகள் போய்க் கேட்டது யார் சொல்லி? டாக்டர் வாயைத் திறக்காவிட்டால் அந்த மேஜை டிராயர் எங்களுக்குத் தெரிந்திருக்காது. டாக்டர் எழுதிக்கொள்ளாமலே கேட்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடக் கேட்காமல், "இருந்தால் இப்படிப் பூட்டுங்கள்" என்று எல்லாரிடமும் சொல்லிவிடலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, துப்பாக்கி இல்லாத வீடுதான் குழந்தைக்கு நல்லது, இருந்தால் இப்படி வை என்று வழி சொல்கிறது. வாயே திறக்கக் கூடாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நமக்கென்ன, நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்று தோன்றலாம். நம் ஜபல்பூரில் 1904 முதல் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. கமாரியாவில் வெடிமருந்து. நம் சங்கத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் ஏராளம். உள்ளே எத்தனை எண்ணிக்கை, எத்தனை கையெழுத்து என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆயினும் நம் வீடுகளில் துப்பாக்கி கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். நம் வீட்டு டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வருஷத்துக்கு வேண்டிய கோதுமையை டின்னில் கொட்டி, பூச்சி வராமல் ஒரு மாத்திரை போடுகிறோமே, மிச்ச மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? எங்கள் வீட்டில் அது சமையலறைப் பரணில் அப்பளக் கட்டோடு இருந்தது. கொடிய விஷம். நாற்பது வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்டதில்லை. ஊரிலிருந்து வந்த மறுநாள் அதை இறக்கி இரும்புப் பெட்டியில் பூட்டினேன்.

துப்பாக்கியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் நண்பர் சம்பல் பக்கத்துக்காரர். அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி, முறையான லைசென்ஸோடு வைத்திருக்கிறார். ஊர்க் கல்யாணத்துக்கு எடுத்துப் போவார். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று வைத்த பிறகு அதை விட்டுவிட்டார். தசரா அன்று அவர் வீட்டில் அதற்குப் பூஜை நடக்கும். கீழே நான் ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் சந்தனம் வைத்துவிட்டு, மாடிக்குப் போய் அதற்கும் ஒரு பூ போட்டு லட்டு சாப்பிட்டு வருவேன். பூஜை முடிந்ததும் அது எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

பேரன் வரும் டிசம்பரில் முதல் முறையாக ஜபல்பூர் வருகிறான். மாடி வீட்டில் அவன் வயதில் ஒரு பையன் இருக்கிறான். இதை எழுதும் இன்றுவரை நான் மேலே போய்க் கேட்கவில்லை. முறுக்குக்கு மாவு அரைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.